ஜெர்மனிக்குள் நுழைய என்ன வேண்டும்?

பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு, கணிதவியல்

வீட்டுக்கு வரும் விருந்தினரை வாசலில் நிறுத்தி, "நீ யார்? எதற்காக வந்தாய்? கையில் எவ்வளவு பணம் இருக்கிறது? எப்போது திரும்பிப் போவாய்?" என்று நாம் கேட்பதில்லை. அப்படிக் கேட்பது பண்பும் ஆகாது. ஆனால் ஒரு நாடு மற்றொரு நாட்டவரைத் தன் வாயிலில் நிறுத்திக் கேட்கும் கேள்விகள் இந்த நான்கேதாம். இவற்றுக்கு நாம் கூறும் விடைகளை நம்புகிறோம் என்பதற்கு அடையாளமாக அந்நாடு தரும் அனுமதியே விசா. அதற்காக நாம் கொண்டு செல்லும் காகிதக் கட்டு எவ்வளவு பெரிதாயினும், அதிலுள்ள ஒவ்வொரு தாளும் இந்நான்கு கேள்விகளில் ஏதேனும் ஒன்றுக்கு விடையாகவே இருக்கும். இதை மனத்திற்கொண்டால் விசா விதிகள் அனைத்தும் எளிதாக விளங்கும்.

அயல்நாட்டு மேற்படிப்பு என்றவுடன் நம் கல்லூரி மாணவரிடையே இன்று அதிகம் அடிபடும் பெயர் ஜெர்மனி. அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை கல்விக் கட்டணம் பெறுவதில்லை என்பதே காரணம். என் பெரியப்பா மகளுக்கு, அதாவது என் அக்காவுக்கு, அங்கு வேதியியல் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் இதற்கு முன் எவரும் கல்லூரி வாயிலை மிதித்தவர் அல்லர். ஆகவே கேட்டறிய ஆளில்லை. நானும் அக்காவும் விதிகளை ஒவ்வொன்றாகப் படித்துத் தெரிந்துகொண்டோம். அவ்வாறு அறிந்தவற்றுள் பிறருக்கும் பயன்படக்கூடியவற்றை இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறேன்.

கடவுச்சீட்டும் விசாவும்

இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்புவோர் பலர். பாஸ்போர்ட் என்னும் கடவுச்சீட்டு நம் நாடு நமக்குத் தருவது. "இவர் எங்கள் குடிமகன்" என்று அது சான்று கூறும். விசா நாம் செல்ல விரும்பும் நாடு தருவது. "இவர் வரலாம்" என்று அது இசைவு கூறும்.

அயல்நாடு செல்லும் உரிமை தனிமனிதச் சுதந்திரத்தின் ஒரு பகுதியே என்று நம் உச்சநீதிமன்றம் 1967-ஆம் ஆண்டு சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் தீர்ப்பளித்தது. அதற்கு முன் கடவுச்சீட்டு தருவதும் மறுப்பதும் அரசின் விருப்பத்தைப் பொறுத்ததாக இருந்தது. தீர்ப்புக்குப் பின் அதே ஆண்டில் கடவுச்சீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. ஆகவே நம் நாட்டைவிட்டு வெளியே செல்வது நமக்கு உரிமை. பிறநாட்டினுள் நுழைவதோ உரிமையன்று. அந்நாடு தரும் சலுகை. இந்த வேறுபாட்டை உணர்ந்தவர்க்குத்தான் விசா விண்ணப்பத்தின் தன்மை புரியும். அங்கே மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பு நம்முடையது.

36 பக்கங்களும் பத்தாண்டுக் கால மதிப்பும் கொண்ட சாதாரணக் கடவுச்சீட்டுக்கு 1,500 ரூபாய் கட்டணம். சென்னை, மதுரை, கோயம்புத்தூர், திருச்சிராப்பள்ளி ஆகிய நான்கு ஊர்களிலும் மண்டல அலுவலகங்கள் உள்ளன. 2017 முதல் பல தலைமை அஞ்சலகங்களிலும் கடவுச்சீட்டுச் சேவை மையங்கள் திறக்கப்பட்டுள்ளன. எனவே இதற்காக நெடுந்தொலைவு செல்ல வேண்டிய நிலை பெரும்பாலோர்க்கு இல்லை. பத்தாம் வகுப்புத் தேறியவரின் கடவுச்சீட்டில் குடிபெயர்வுச் சோதனை தேவை என்ற குறிப்பு இடம்பெறாது என்பதையும் அறிந்துகொள்வது நல்லது.

ஷெங்கன் என்னும் சிற்றூர்

ஜெர்மனி விசாவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் ஷெங்கன் என்ற பெயரைத் தவிர்க்க முடியாது. லக்சம்பர்க் என்னும் சின்னஞ்சிறு நாட்டில், மோசெல் ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர் அது. ஜெர்மனி, பிரான்சு, லக்சம்பர்க் ஆகிய மூன்று நாடுகளும் கூடும் இடம். 1985-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் அங்கு ஆற்றில் நின்ற ஒரு கப்பலில் ஐந்து நாடுகளின் பிரதிநிதிகள் கூடி ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க், பிரான்சு, அன்றைய மேற்கு ஜெர்மனி ஆகியவை அந்த ஐந்து. தமக்கிடையே உள்ள எல்லைச் சோதனைகளைப் படிப்படியாக நீக்குவதே அதன் நோக்கம். அது 1995 மார்ச் 26 அன்று நடைமுறைக்கு வந்தது.

இன்று இவ்வமைப்பில் 29 நாடுகள் உள்ளன. 2023-இன் தொடக்கத்தில் குரோவேஷியா சேர்ந்தது. பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரி 1 முதல் முழு உறுப்பு நாடுகளாயின. ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாத சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன் ஆகியவை இதில் உள்ளன. ஒன்றியத்தில் இருந்தும் அயர்லாந்தும் சைப்ரசும் இதில் இல்லை. இங்கிலாந்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. அங்குச் செல்லத் தனி விசா வேண்டும்.

இதனால் நமக்கு வரும் பயன் என்ன? ஒரு நாடு தரும் ஷெங்கன் விசாவைக் கொண்டு பொதுவாக அனைத்து உறுப்பு நாடுகளிலும் பயணம் செய்யலாம். ஆனால் எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பதை நம் வசதிப்படி முடிவு செய்ய இயலாது. எந்நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். எல்லா நாடுகளிலும் சமமான நாள்கள் தங்குவதாயின், முதலில் நுழையும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். "அந்த நாட்டில் எளிதாகக் கிடைக்குமாம்" என்று கேள்விப்பட்டு, போகாத நாட்டுக்கு விண்ணப்பம் இடுவது விதிக்கு முரணானது.

இருவகை விசாக்கள்

ஜெர்மனி தரும் விசாக்களை இரண்டு பெரும் பிரிவுகளாகக் கொள்ளலாம். 90 நாள் வரை தங்குவதற்கானது ஷெங்கன் விசா. சுற்றுலா, உறவினரைக் காணல், வணிகச் சந்திப்பு, மாநாடு முதலியன இதில் அடங்கும். 90 நாளுக்கு மேல் படிக்கவோ, பணிபுரியவோ, குடும்பத்துடன் வாழவோ செல்வோர்க்குரியது தேசிய விசா. முன்னதற்குப் பெரியவர்க்கு 90 யூரோ கட்டணம். இது 2024 ஜூன் 11 முதல் 80-இலிருந்து உயர்த்தப்பட்டது. பின்னதற்கு 75 யூரோ. கணக்கு எளிதாக இருக்க ஒரு யூரோவை 100 ரூபாய் என்று கொண்டால், முறையே 9,000 ரூபாயும் 7,500 ரூபாயும் ஆகின்றன. இதனுடன் விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணமும் சேரும். விசா மறுக்கப்பட்டாலும் இப்பணம் திரும்ப வராது.

இங்கு ஓர் எச்சரிக்கை கூறவேண்டியது என் கடமை. "முதலில் சுற்றுலா விசாவில் போய்விடு, அங்கே போனபின் படிப்பு விசாவாக மாற்றிக்கொள்ளலாம்" என்று சில இடைத்தரகர்கள் கூறுகின்றனர். இது உண்மையன்று. இந்தியர் படிப்பதற்காகச் செல்வதாயின், புறப்படும் முன்பே அதற்குரிய விசாவைப் பெற்றாக வேண்டும். சுற்றுலா விசாவில் சென்றவர் திரும்பி வந்துதான் மீண்டும் விண்ணப்பிக்க நேரும்.

குறுகிய காலப் பயணத்திற்கு வேண்டியவை

முன்சொன்ன நான்கு கேள்விகளையும் வரிசையாக எடுத்துக்கொள்வோம்.

முதற் கேள்வி, நீ யார்? இதற்கு விடை கடவுச்சீட்டு. அது கடந்த பத்தாண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஐரோப்பாவை விட்டுத் திரும்பும் நாளுக்குப் பின்னும் குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். இரண்டு வெற்றுப் பக்கங்களேனும் இருக்க வேண்டும். இவற்றுடன் புகைப்படமும் பத்து விரல்களின் ரேகையும் பெறப்படும். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ரேகை தேவையில்லை. ஒருமுறை தந்த ரேகையை 59 மாதங்கள் வரை மீண்டும் பயன்படுத்திக்கொள்வர்.

இரண்டாம் கேள்வி, எதற்காக வருகிறாய்? பயணத் திட்டம், தங்குமிடத்திற்கான சான்று, உறவினரோ நிறுவனமோ எழுதிய அழைப்புக் கடிதம் ஆகியவை இதற்கு விடையாகும்.

மூன்றாம் கேள்வி, பணம் இருக்கிறதா? பொதுவாகக் கடந்த மூன்று மாத வங்கிக் கணக்கு விவரம், சம்பளச் சான்று, வருமான வரிக் கணக்கு ஆகியவற்றைக் கேட்பர். ஜெர்மனியில் வாழும் ஒருவர் தம் விருந்தினரின் செலவு முழுவதையும் ஏற்பதாக அங்குள்ள வெளிநாட்டினர் அலுவலகத்தில் உறுதிமொழிப் பத்திரம் தரவும் சட்டத்தில் இடமுண்டு. மேலும் குறைந்தது 30,000 யூரோ வரை மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம். அது ஷெங்கன் நாடுகள் அனைத்திற்கும், தங்கும் நாள் முழுமைக்கும் பொருந்துவதாக இருக்க வேண்டும்.

நான்காம் கேள்வி, திரும்பிப் போவாயா? இதுவே எல்லாவற்றினும் கடினமானது. மற்ற மூன்றும் இன்றைய நிலையைக் கேட்பவை. இதுவோ நாளைய எண்ணத்தைக் கேட்பது. மனத்தில் உள்ளதைத் தாளில் காட்டுவது எப்படி? வேலையளிப்பவர் தரும் விடுப்புச் சான்று, கல்லூரி தரும் கடிதம், சொந்த நிலம், குடும்பப் பொறுப்பு ஆகியவற்றைக் கொண்டே அதிகாரி முடிவு செய்கிறார்.

விண்ணப்பத்தைப் பயண நாளுக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே தரலாம். 15 நாள்களுக்குக் குறைவாக இருக்கும்போது தரலாகாது. பொதுவாக 15 நாளில் முடிவு கூறவேண்டும்; சில நேர்வுகளில் இது 45 நாள் வரை நீளலாம். விண்ணப்பங்களை வாங்கும் மையம் தனியார் நிறுவனம் நடத்துவது. தாள்களைப் பெற்றுத் தூதரகத்துக்கு அனுப்புவதே அதன் வேலை. விசா தருவதும் மறுப்பதும் அதன் கையில் இல்லை. எனவே "மையத்தில் எனக்கு ஆள் தெரியும்" என்று பணம் கேட்பவரை நம்ப வேண்டாம்.

தொண்ணூறும் நூற்றெண்பதும்

விசாத் தாளில் இரண்டு செய்திகள் அருகருகே இருக்கும். ஒன்று, எந்த நாள் முதல் எந்த நாள் வரை அது செல்லும் என்பது. மற்றொன்று, அக்காலத்திற்குள் மொத்தம் எத்தனை நாள் தங்கலாம் என்பது. முதலாவது ஒரு மாதமாகவும் இரண்டாவது பதினைந்து நாளாகவும் இருக்கலாம். அப்போது அந்த ஒரு மாதத்திற்குள் பதினைந்து நாள் மட்டுமே தங்கலாம். இதை உணராமல் கடைசித் தேதியை மட்டும் பார்த்துத் தங்கிவிடுவோர் உண்டு. எத்தனை முறை நுழையலாம் என்பதும் அத்தாளிலேயே குறிக்கப்பட்டிருக்கும்.

பலமுறை நுழையும் விசா பெற்றவர்க்கு ஒரு பொதுவிதி உண்டு: எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதனுள் 90 நாளுக்கு மேல் தங்கியிருக்கக் கூடாது. பலர் இதை "ஆறு மாதத்தில் மூன்று மாதம்" என்று எளிதாக எண்ணுகின்றனர். கணித மாணவன் என்ற முறையில் இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்க விரும்புகிறேன். இந்த 180 நாள் நிலையான கட்டம் அன்று. நம்முடன் நகர்ந்துகொண்டே வரும் சன்னல். ஒவ்வொரு நாளும் அந்த நாளையும் சேர்த்துப் பின்னோக்கி 180 நாளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

லீப் ஆண்டல்லாத ஓர் ஆண்டில் ஒருவர் ஜனவரி 1 அன்று நுழைந்து மார்ச் 1 அன்று வெளியேறுகிறார் எனக் கொள்வோம். நுழையும் நாளும் வெளியேறும் நாளும் கணக்கில் சேரும். ஆகவே 31 + 28 + 1 = 60 நாள்கள். மீண்டும் அவர் மே 1 அன்று நுழைகிறார். மீதம் 30 நாள்கள். எனவே மே 30 அன்று வெளியேற வேண்டும். மே 30-லிருந்து பின்னோக்கி எண்ணினால் 180 நாள் சன்னல் முந்திய டிசம்பர் 2 அன்று தொடங்குகிறது. அவர் முன்பு தங்கிய 60 நாளும் அதனுள் அடங்கியுள்ளன. எனவே மே 31 அன்றும் தங்கினால் அது 91-ஆம் நாளாகிவிடும்.

அவர் மீண்டும் எப்போது செல்லலாம்? ஜனவரி 1 சன்னலை விட்டு நீங்கும் நாள் ஜூன் 30. அன்று அவருக்கு ஒரு நாள் கிடைக்கும். அடுத்த நாள் ஜனவரி 2 நீங்கும். இப்படி நாளுக்கு ஒன்றாகப் பழைய நாள்கள் உதிர்ந்துகொண்டே வரும். விதி கடினமாகத் தோன்றினாலும் கணக்கு அவ்வளவே! இதுவரை இக்கணக்கு கடவுச்சீட்டில் குத்தும் முத்திரையைக் கொண்டு பார்க்கப்பட்டது. 2025 அக்டோபர் 12 முதல் முகப்படமும் விரல்ரேகையும் கொண்ட மின்னணுப் பதிவுமுறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. கணிப்பொறி ஒரு நாளைக்கூட மறப்பதில்லை.

இந்தியர்க்கு ஒரு நற்செய்தியும் உண்டு. மூன்றாண்டுக்குள் இரண்டு ஷெங்கன் விசாக்களைப் பெற்று முறையாகப் பயன்படுத்தியவர்க்கு இரண்டாண்டு செல்லும் பலமுறை விசாவும், அதன்பின் ஐந்தாண்டு விசாவும் வழங்கலாம் என ஐரோப்பிய ஆணையம் 2024 ஏப்ரல் 18 அன்று முடிவு செய்தது. கடவுச்சீட்டு அத்தனை காலம் செல்லுபடியாக வேண்டும் என்பது நிபந்தனை.

படிக்கச் செல்வோர்க்கு

நம் போன்றோர்க்கு மிகவும் வேண்டிய பகுதி இது. முதலாவது, பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதம். இரண்டாவது, நம் சான்றிதழ்கள் உண்மையானவை என்று காட்டும் ஏ.பி.எஸ். சான்று. புதுதில்லி ஜெர்மன் தூதரகத்தைச் சார்ந்த கல்வி மதிப்பீட்டு மையம் இதை வழங்குகிறது. 2022 நவம்பர் 1 முதல் இந்திய மாணவர்க்கு இது கட்டாயமாக்கப்பட்டது. சில வகை உதவித்தொகை பெறுவோர் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு உண்டு. பலர் சேர்க்கைக் கடிதம் வந்தபின்தான் இதை நினைக்கின்றனர். முன்கூட்டியே விண்ணப்பிப்பதே அறிவுடைமை.

மூன்றாவது, பணம். "கட்டணமில்லாக் கல்வி" என்ற சொல்லைக் கேட்டு மகிழ்பவர் இங்குதான் திகைத்து நிற்கிறார். கல்விக்குக் கட்டணமில்லை, வாழ்வதற்குச் செலவு உண்டல்லவா? அச்செலவுக்கு ஓராண்டுப் பணம் கையில் இருப்பதைக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் 1 முதல் இத்தொகை மாதம் 992 யூரோ என்ற கணக்கில் ஆண்டுக்கு 11,904 யூரோவாக வரையறுக்கப்பட்டது. நாம் கொண்ட கணக்கின்படி ஏறத்தாழ 12 லட்சம் ரூபாய்! இதைத் "தடைக் கணக்கு" எனப்படும் தனிவகை வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும். தடைக் கணக்கு என்றால் பணம் பறிபோய்விடும் என்று பொருளன்று. பணம் மாணவருடையதே. ஆனால் மொத்தமாக எடுக்க முடியாது. அங்குச் சென்றபின் மாதந்தோறும் 992 யூரோவாகக் கைக்கு வரும். உதவித்தொகை பெற்றவர்க்கும், ஜெர்மனியில் ஒருவரின் உறுதிமொழிப் பத்திரம் உள்ளவர்க்கும் இக்கணக்கு தேவைப்படாது. மேலும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2017 முதல் நம் போன்ற வெளிநாட்டு மாணவரிடம் பருவத்திற்கு 1,500 யூரோ பெறப்படுகிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

என் பெரியப்பாவை ஓர் இடைத்தரகர் அணுகினார். "பன்னிரண்டு லட்சத்தை நான் ஒரு வாரத்திற்குக் கணக்கில் போட்டுக் காட்டுகிறேன், வட்டி மட்டும் கொடுங்கள், விசா வந்தவுடன் எடுத்துக்கொள்கிறேன்" என்றார். பெரியப்பா ஏறக்குறைய இணங்கிவிட்டார். அக்காதான் மறுத்தார். "மாதம் 992 யூரோ வந்தால்தான் நான் அங்கே சாப்பிட முடியும் பெரியவரே! விசாவுக்காக மட்டும் காட்டும் பணம் எனக்குச் சோறு போடுமா?" என்று அவர் கேட்டபோது தரகரிடம் விடையில்லை. இப்போது வங்கியில் கல்விக்கடனுக்கு விண்ணப்பித்துள்ளோம். அது எளிதாக வந்துவிடவில்லை. பெரியப்பாவின் முக்கால் ஏக்கர் நிலப்பத்திரம் வங்கியில் இருக்கிறது. இதை எழுதும் இந்நாளில் அக்கா நேர்காணல் தேதிக்காகக் காத்திருக்கிறார்.

கடன் ஒன்றே வழி என்று எண்ண வேண்டாம். 1925-இல் தோன்றிய ஜெர்மன் கல்விப் பரிமாற்றக் கழகம் வெளிநாட்டு மாணவர்க்கு உதவித்தொகை வழங்குகிறது. ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்க்கு அயல்நாட்டு உயர்கல்விக்கென நம் அரசுகளும் உதவித் திட்டங்களை வைத்துள்ளன. படிக்கும்போது ஆண்டுக்கு 140 முழு நாள்கள் அல்லது 280 அரை நாள்கள் பணிபுரியவும் சட்டம் இடம் தருகிறது. பட்டம் பெற்றபின் வேலை தேட 18 மாதங்கள் வரை தங்கலாம். ஆயினும் அங்குப் போய் வேலை செய்து முதலாண்டைச் சமாளிப்போம் என்ற கணக்கில் புறப்படுவது சரியன்று. விசாவுக்கு அந்த வருமானம் செல்லாது.

பெயரும் தலைப்பெழுத்தும்

தமிழர்க்கென்றே அமைந்த ஒரு சிக்கல் உண்டு. நாம் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் இட்டு எழுதுகிறோம். குடும்பப் பெயர் என்ற வழக்கம் நம்மிடம் இல்லை. ஐரோப்பியர்க்கோ குடும்பப் பெயர் இன்றியமையாதது. கடவுச்சீட்டில் தலைப்பெழுத்தை அப்படியே எழுத முடியாது. விரித்தே எழுத வேண்டும். எனவே பள்ளிச் சான்றிதழில் தலைப்பெழுத்துடன் இருக்கும் பெயர், கடவுச்சீட்டில் தந்தையின் முழுப்பெயருடன் அமைகிறது. சிலருக்குத் தந்தை பெயரே குடும்பப் பெயர் ஆகிறது. அங்குச் சென்றபின் மகளைத் தந்தையின் பெயரால் அழைப்பார்கள்!

இதில் குற்றமில்லை. ஆனால் பத்தாம் வகுப்புச் சான்றில் ஓர் எழுத்துக்கூட்டு, ஆதாரில் வேறொன்று, தந்தையின் அட்டையில் மற்றொன்று என்றிருந்தால் தொல்லைதான். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கூடினாலும் குறைந்தாலும், இருவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்க வேண்டிவரும். பிறப்புச் சான்று, நிலப்பட்டா போன்றவை தமிழில் இருந்தால் ஆங்கிலம் அல்லது ஜெர்மன் மொழிபெயர்ப்பும் வேண்டும். இவற்றைத் திருத்திக்கொள்ள மாதக்கணக்கில் ஆகும். ஆதலால் படிக்கும் காலத்திலேயே செய்துகொள்வது நன்று.

மறுக்கப்பட்டால்

2024-ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து 11 லட்சத்துக்கும் மேற்பட்ட ஷெங்கன் விசா விண்ணப்பங்கள் சென்றன. அவற்றுள் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து மறுக்கப்பட்டன. மறுத்தால் அதன் காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. பயண நோக்கம் தெளிவில்லை, பணம் போதாது, திரும்பிச் செல்வார் என்ற நம்பிக்கை இல்லை என்பன அடிக்கடி கூறப்படும் காரணங்கள். முன்பு ஜெர்மன் தூதரகத்திற்கே மறுபரிசீலனை மனு அனுப்பும் வழக்கம் இருந்தது. 2025 ஜூலை 1 முதல் அது நிறுத்தப்பட்டது. இப்போது குறைகளை நீக்கிப் புதிதாக விண்ணப்பிக்கலாம். அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். ஏழைக்குப் பின்னது எட்டாக்கனியே.

மறுப்பு வருவது குற்றமன்று. ஆனால் பொய்ச்சான்று தருவது பெருங்குற்றம். ஒரு நாடு மறுத்த செய்தி பொதுவான தகவல் தொகுப்பில் பதிவாகி, மற்ற ஷெங்கன் நாடுகளின் பார்வைக்கும் செல்கிறது. ஒரு போலி வங்கிச் சான்று பல வாயில்களை அடைத்துவிடும்.

இங்கு என் மனத்தை உறுத்தும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் தந்தையார் கொத்தனார். முப்பது ஆண்டுகளாக உழைத்து எங்களைக் காப்பவர். நேர்மையில் குறைந்தவர் அல்லர். ஆனால் அவர் உழைப்புக்குச் சான்றாக ஒரு தாள்கூட எங்கள் வீட்டில் இல்லை. கூலி கையில் வந்து கையிலேயே செலவாகிவிடுகிறது. வங்கிப் புத்தகத்தில் பதிய ஒன்றுமில்லை. பணமில்லாதவன் என்பதைவிடத் தாளில்லாதவன் என்பதே இத்தகைய வாயில்களில் பெரிய குறையாகிவிடுகிறது. இது நியாயமா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆயினும் விதி மாறும்வரை காத்திருக்க நம்மால் இயலாது. நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு: இன்றே தாள்களைச் சேர்க்கத் தொடங்குவது. கூலியாயினும் வங்கி வழியாகப் பெறச் சொல்வதும், வருமானச் சான்று பெற்று வைப்பதும் சிறு செயல்கள். பின்னாளில் அவையே பேசும்.

எல்லையில்

விசா கையில் இருப்பதாலேயே உள்ளே விட்டுத்தான் ஆகவேண்டும் என்பதில்லை. விமான நிலையத்தில் அதிகாரி மீண்டும் அதே நான்கு கேள்விகளைக் கேட்கலாம். எனவே சேர்க்கைக் கடிதம், காப்பீடு, தங்குமிட முகவரி, பணச்சான்று ஆகியவற்றின் நகல்களைக் கைப்பையில் வைத்திருக்க வேண்டும். பெட்டிக்குள் பூட்டிவிடக் கூடாது. 10,000 யூரோவோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொண்டு சென்றால் அறிவிக்க வேண்டும்.

நம் தாய்மார்கள் கட்டித் தரும் பொட்டலங்களுக்கும் அங்கே சட்டம் உண்டு! இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டு செல்லக் கூடாது. ஆகவே நெய்யும் பால்கோவாவும் வீட்டிலேயே தங்கிவிட வேண்டியவை. கருவாட்டுக்குத் தடையில்லை, மீன் உணவு சொந்த உபயோகத்திற்கு 20 கிலோ வரை செல்லும். கறிவேப்பிலைக்கும் மாம்பழத்திற்கும் தாவர நலச்சான்று வேண்டும். ஆனால் தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, துரியன் ஆகிய ஐந்துக்கும் விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. தேங்காய்க்கு விசா வேண்டாம் என்பதில் நமக்கு ஒரு மகிழ்ச்சி!

நீண்ட காலம் தங்கச் செல்பவர் வீடு குடிபுகுந்த இரு வாரங்களுக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். பின்னர் வெளிநாட்டினர் அலுவலகத்தில் தங்குரிமை அட்டை பெற வேண்டும். அண்டை நாடுகளுக்குச் செல்லும்போதும் கடவுச்சீட்டு உடன் இருத்தல் வேண்டும். 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் தரை எல்லைகள் அனைத்திலும் தற்காலிகச் சோதனையைத் தொடங்கியது.

முடிவுரை

மாணவ நண்பர்களே! விசா என்பது மந்திரமும் அன்று. தரகரின் கைச்சரக்கும் அன்று. எழுதப்பட்ட விதிகளின் தொகுப்பு. படிக்கத் தெரிந்த எவரும் அதைப் படித்துப் புரிந்துகொள்ளலாம். தூதரகத்தின் அறிவிப்புகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. கட்டணங்களும் தொகைகளும் அவ்வப்போது மாறுபவை. ஆதலால் விண்ணப்பிக்கும் நாளில் அவற்றை மீண்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அயல்நாடு செல்லும் எண்ணம் இன்று இல்லாவிட்டாலும், பட்டம் பெறுவதற்குள் மூன்று காரியங்களைச் செய்துவிடுங்கள். ஒன்று, எல்லாச் சான்றிதழ்களிலும் பெயரை ஒரே எழுத்துக்கூட்டில் அமையுங்கள். இரண்டு, கடவுச்சீட்டுக்கு விண்ணப்பியுங்கள். மூன்று, உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கைத் தொடங்கிச் சிறு தொகையாயினும் தவறாமல் செலுத்துங்கள். இம்மூன்றுக்கும் ஆகும் செலவு ஒரு தரகர் கேட்கும் முன்பணத்தில் சிறு பங்கே.

வாய்ப்பு வரும்போது தகுதி இருந்தும் தாள் இல்லாமல் நிற்கும் நிலை நம் கல்லூரி மாணவர் எவர்க்கும் வரவேண்டாம் என்பதே என் விருப்பம்.